மாலை ஆறு மணிக்கு ஸ்டுடியோ திறந்திருக்குமா?

"எங்கள் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கட்டடக்கலைக்கான நாட்டா நுழைவுத்தேர்வு எழுதி ஓரளவு நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிட்டாள். ஆர்கிடெக்ட் ஆவேன் என்பதில் பிடிவாதமாக இருக்கிறாள். கலந்தாய்வில் போனால் மதுரைப் பக்கம் ஒரு கல்லூரி கிடைக்கும் என்கிறார்கள். சென்னையில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் தருகிறது. கட்டணம் எங்கள் சக்திக்கு மீறியது, கடன் வாங்க வேண்டியிருக்கும். உறவினர் ஒருவர் பக்கத்து மாநிலத்துக் கல்லூரி ஒன்றைச் சொல்கிறார். அவருடைய தம்பி மகன் நாட்டா எழுதாமலேயே அங்கே சேர்ந்திருக்கிறானாம். பெரிய பெயர் உள்ள இடத்தில் படித்தால்தான் வேலை கிடைக்கும், இல்லாவிட்டால் சிவிலே மேல் என்கிறார் என் கணவரின் நண்பர். அவர் சிவில் இன்ஜினியர். எங்கள் குடும்பத்தில் இந்தப் படிப்பைப் பற்றித் தெரிந்தவர் யாரும் இல்லை. எதை வைத்து முடிவெடுப்பது?"

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்றில் ஒன்றை இப்போதே அடித்துவிடலாம். நாட்டாவோ அதற்கு ஈடான தேர்வோ எழுதாமல் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி வேண்டாம். உறவினர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் 1972-ஆம் ஆண்டின் ஆர்கிடெக்ட்ஸ் சட்டப்படி, தன்னை 'ஆர்கிடெக்ட்' என்று சொல்லிக்கொள்ள வேண்டுமென்றால் கவுன்சில் ஆஃப் ஆர்கிடெக்சரில் பெயர் பதிந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஐந்தாண்டு பி.ஆர்க். முடித்தால்தான் நம் ஊரில் அந்தப் பதிவு. அந்தப் படிப்பில் சேர நாட்டா, அல்லது ஜேஇஇ முதன்மைத் தேர்வின் கட்டடக்கலைத் தாள், இரண்டில் ஒன்றில் தேறியிருக்க வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் இதே விதிதான். "இப்போது சேருங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சேர்க்கை அலுவலகத்தில் சொல்பவர் ஐந்து வருடம் கழித்து அந்த நாற்காலியில் இருக்கமாட்டார். ஒருவேளை அந்தப் பையன் சேர்ந்திருப்பது பி.ஆர்க்காகவே இல்லாமல், இன்டீரியர் டிசைன் போன்ற வேறு படிப்பாகவும் இருக்கலாம். அதுவும் நல்ல படிப்பே. ஆனால் அதை முடித்துவிட்டு ஆர்கிடெக்டாகப் பதிய முடியாது. பட்டச் சான்றிதழில் என்ன பெயர் அச்சாகும் என்று கேட்டால் விஷயம் தெளிந்துவிடும்.

மற்ற இரண்டு கல்லூரிகளையும் இதே தராசில் வைத்துப் பாருங்கள். கவுன்சிலின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரிக்கும் எத்தனை இடங்களுக்கு அனுமதி என்பதும் அதில் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் மகள் சேரப்போகும் கல்வியாண்டுக்கான அனுமதி. போன வருடத்து அனுமதிக் கடிதத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருப்பார்கள், அது போதாது. 'ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் இருக்கிறது', 'நாங்கள் பல்கலைக்கழகம், எங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை' என்ற பதில்களும் போதாது. கட்டடக்கலைக் கல்வியைப் பொறுத்தவரை கவுன்சிலின் விதிகளே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது.

இனி உங்கள் கணவரின் நண்பர். அவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. சட்டம் காப்பது ஆர்கிடெக்ட் என்ற பட்டப்பெயரைத்தான், வேலையை அல்ல என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் சிவில் இன்ஜினியர் வீட்டுக்குப் பிளான் போடுவதில் சட்டப்படி தவறில்லை. நம் ஊர்களில் பெரும்பாலான வீடுகள் அப்படித்தான் எழும்புகின்றன, பல வீடுகளில் மேஸ்திரியின் நோட்டுப் புத்தகமே பிளான். "அப்படியானால் எதற்கு ஐந்து வருடம் ஆர்கிடெக்சர்?" என்பது நியாயமான கேள்வி. அதற்கு என் பதில்: கட்டடம் விழாமல் நிற்க வைப்பதில் ஆர்வம் இருந்தால் சிவில். அதற்குள் ஆட்கள் எப்படி நடப்பார்கள், வெயில் எந்த நேரத்தில் எந்த ஜன்னல் வழியாக வரும், அடுப்படியில் நிற்பவளுக்குக் காற்று எங்கிருந்து கிடைக்கும் என்பதில் ஆர்வம் இருந்தால் ஆர்கிடெக்சர். இரண்டும் வேறு வேறு மனங்கள். உங்கள் மகளுக்கு எது என்று அவள் ஏற்கெனவே சொல்லிவிட்டதாகத் தெரிகிறது.

'பெரிய பெயர்' என்ற பேச்சுக்கு வருகிறேன். பெயர் எடுபடும் இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. டெல்லி, போபால், விஜயவாடாவில் உள்ள ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்கிடெக்சர்கள்; ஐ.ஐ.டி.களில் காரக்பூர், ரூர்க்கி; ஆர்கிடெக்ட் பாலகிருஷ்ண தோஷி 1962-இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம்; மும்பை ஜே.ஜே. நம் பக்கத்தில் திருச்சி என்.ஐ.டி., சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறையான ஸ்கூல் ஆஃப் ஆர்கிடெக்சர் அண்ட் பிளானிங். மாணவர்கள் அதைச் சுருக்கமாக 'சாப்' என்பார்கள். இவற்றில் ஒன்று கிடைத்தால் இந்தப் பதிலின் மீதியைப் படிக்க வேண்டாம், போய்ச் சேர்ந்துவிடுங்கள். ஆனால் வழிகள் வேறு வேறு. திருச்சிக்கு ஜேஇஇ கட்டடக்கலைத் தாள் எழுதியிருக்க வேண்டும், ஐ.ஐ.டி.க்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறி, அதன்மேல் ஒரு திறனறித் தேர்வும் எழுத வேண்டும். தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணை 200-க்கும், நாட்டா அல்லது ஜேஇஇ மதிப்பெண்ணை 200-க்கும் எடுத்து, 400-க்குத் தரவரிசை போடுகிறார்கள். சாப் அந்தப் பட்டியலின் உச்சியிலேயே நிரம்பிவிடும்.

அந்தச் சில இடங்களைக் கழித்துவிட்டால், மீதியில் பெயருக்குப் பெரிய பொருள் இல்லை என்பது என் கருத்து. நாடெங்கும் ஏறக்குறைய 400 கட்டடக்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு பல்கலைக்கழகம் மருத்துவத்திலோ கணினியிலோ பேர் வாங்கியிருக்கும். அதே வளாகத்தின் மூலையில் உள்ள ஆர்கிடெக்சர் துறையில் துறைத்தலைவர் பதவி காலியாகக் கிடக்கும். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையைக் காட்டுவார்கள். கட்டடக்கலைக்கென்று தனிப் பட்டியல் உண்டு, அதைப் பார்க்கலாம். ஆனால் அதில் ஆய்வுக் கட்டுரைகளுக்கும் பொதுவான அபிப்பிராயத்துக்கும் கணிசமான பங்கு இருக்கிறது. இரண்டாம் வருட மாணவியின் படிக்கட்டு ஏன் உத்தரத்தில் இடிக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இருக்கிறாரா என்பதை எந்தத் தரவரிசையும் சொல்லாது.

இந்தப் படிப்பே அந்த ஆளை நம்பித்தான் இருக்கிறது. வாரத்தில் பெரும்பகுதி நேரம் ஸ்டுடியோ என்ற ஒரே அறையில் கழியும். ஒரு வேலை தருவார்கள்: முதல் வருடம் வடிவங்களோடு விளையாட்டு, இரண்டாம் வருடம் ஒரு சிறிய வீடு, பிறகு பள்ளி, நூலகம், குடியிருப்பு, கடைசியில் தீசிஸ். மாணவி வரைந்துகொண்டு வருவாள். ஆசிரியர் அதன்மேல் ட்ரேசிங் தாளை விரித்து, "இந்த வாசலை இங்கே வைத்தால் மழைச்சாரல் எங்கே போகும்?" என்று கேட்டுக்கொண்டே கோடு போடுவார். அவள் திரும்பிப் போய் மறுபடி வரைவாள். நாதஸ்வரம் கற்றுக்கொள்வது மாதிரி. குரு எதிரே உட்கார்ந்து வாசித்துக் காட்டாமல், பாடத்திட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் வித்வான் ஆனதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் பலவற்றுக்கும் ஒரே பாடத்திட்டம்தான், அச்சில் வித்தியாசம் இல்லை. ஒரு கல்லூரி மாணவி வரையத் தெரிந்தவளாகவும், இன்னொரு கல்லூரி மாணவி ஷீட் நிரப்பத் தெரிந்தவளாகவும் வெளியே வருவதற்குக் காரணம் அந்த ட்ரேசிங் தாள்.

ஆகவே கல்லூரிக்கு நேரில் போங்கள், மகளையும் அழைத்துக்கொண்டு. சேர்க்கை அலுவலகத்தோடு நின்றுவிடாதீர்கள். "மூன்றாம் வருட ஸ்டுடியோவைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நல்ல துறை உடனே கூட்டிக்கொண்டு போகும். தயங்கினால் அதையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

சுவரில் மாட்டியிருக்கும் ஷீட்டுகள் வகுப்பின் முதல் மூன்று பேருடையவை. எந்தக் கல்லூரியிலும் முதல் மூன்று பேர் நன்றாகத்தான் வரைவார்கள். அவர்கள் கல்லூரி இல்லாவிட்டாலும் வரைவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது நடுவில் இருக்கும் மாணவரின் வேலை. பத்தாவது, பதினைந்தாவது இடத்தில் இருக்கும் ஒருவருடைய ஷீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கல்லூரி என்ன கற்றுத்தருகிறது என்பது அதில்தான் தெரியும். உங்களுக்குத் துறை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சில விஷயங்கள் யாருக்கும் புலப்படும். கணினியில் செய்த பளபளப்பான படங்கள் மட்டும் இருக்கின்றனவா, அல்லது கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் செக்‌ஷன் படங்கள் பெரிதாக, பொறுமையாக வரையப்பட்டிருக்கின்றனவா? வடக்கு எங்கே, வெயில் எங்கிருந்து, காற்று எங்கிருந்து என்ற குறிப்பு உண்டா? மனை உண்மையான ஊரில் உள்ள உண்மையான மனையா, இல்லை வெள்ளைத் தாளில் மிதக்கும் செவ்வகமா? பத்துப் பேருடைய கட்டடங்கள் பத்து விதமாக இருக்கின்றனவா, ஒன்றையே திருப்பித் திருப்பிப் போட்டதுபோல் இருக்கின்றனவா? கடைசிக் கேள்விக்குப் பதில் 'ஒன்றையே' என்றால், அங்கே ஆசிரியர் வரைகிறார், மாணவர்கள் நகலெடுக்கிறார்கள்.

பிறகு ஆசிரியர்கள். எத்தனை பேர் என்பதைவிட, எத்தனை வருடமாக அங்கேயே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். செமஸ்டருக்கு ஒருவர் வந்து போகும் துறையில் யாரும் யாரையும் வளர்ப்பதில்லை. ஸ்டுடியோவில் பத்துப் பதினைந்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் இருந்தால் நல்லது; நாற்பது பேருக்கு ஒருவர் என்றால் அது ஸ்டுடியோ அல்ல, வகுப்பறை. வெளியே ஆபீஸ் நடத்தும் ஆர்கிடெக்டுகள் வாரத்தில் ஓரிரு நாளாவது வந்து பாடம் எடுக்கிறார்களா என்றும் பாருங்கள். கட்டுமானத் தளத்தில் கான்கிரீட் போடும் நாளில் என்னவெல்லாம் நடக்கும் என்று தெரிந்தவர் ஒருவராவது துறையில் வேண்டும்.

ஜூரி என்று ஒன்று உண்டு. மாணவர்கள் தங்கள் வேலையைச் சுவரில் ஒட்டி வெளியாட்கள் முன்னால் விளக்கிச் சொல்ல, அவர்கள் கேள்வி கேட்பார்கள். சிலர் கேள்வி கேட்பதற்குப் பதிலாக மாடலை உடைப்பது, அழவைப்பது என்பதைப் பெருமையாக நினைக்கிறார்கள். "எங்கள் காலத்தில் எப்படியெல்லாம் திட்டுவார்கள் தெரியுமா" என்று இன்னும் சிலாகிப்பவர்கள் உண்டு. அதில் சிலாகிக்க ஒன்றும் இல்லை. மூத்த மாணவிகள் யாரிடமாவது தனியாகப் பேச வாய்ப்புக் கிடைத்தால் உங்கள் மகளைப் பேசவிட்டு நீங்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள். அம்மா பக்கத்தில் நின்றால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

அவள் கேட்க வேண்டிய கேள்விகளில் மிக முக்கியமானது: மாலை ஆறு மணிக்கு ஸ்டுடியோ திறந்திருக்குமா?

சிரிக்காதீர்கள். நம் ஊர் தனியார் கல்லூரிகள் பலவும் இன்ஜினியரிங் கல்லூரியின் கடிகாரத்தில் ஓடுகின்றன. மூன்றரை, நான்கு மணிக்குக் கல்லூரிப் பேருந்துகள் வரிசையாகக் கிளம்பும். அதோடு ஸ்டுடியோவும் பூட்டப்படும். ஆர்கிடெக்சர் மாணவர் வரைவதும், மாடல் செய்வதும், ஒருவர் வேலையை மற்றவர் எட்டிப்பார்த்துக் கற்றுக்கொள்வதும் பெரும்பாலும் வகுப்பு முடிந்த பிறகுதான். பக்கத்து மேசைக்காரியிடமிருந்து கற்றுக்கொள்வது ஆசிரியரிடமிருந்து கற்றுக்கொள்வதற்குக் குறைந்ததில்லை. அந்த மாலை நேரம் இல்லாத கல்லூரியில் எல்லாரும் வீட்டில் தனியாக உட்கார்ந்து லேப்டாப்பில் செய்துகொண்டு வருவார்கள். நான் மேலே சொன்ன 'ஒன்றைப்போல ஒன்று' ஷீட்டுகள் அங்கேதான் பிறக்கின்றன.

பெண் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சங்கடம். ஸ்டுடியோ இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்கும். ஆனால் பெண்கள் விடுதிக் கதவு ஆறரைக்கு மூடிவிடும். ஒரே கட்டணம் கட்டிய இருவரில் பையனுக்கு இரண்டரை மணி நேரம் கூடுதல் படிப்பு. பாதுகாப்பு என்று காரணம் சொல்வார்கள். பாதுகாப்பாகத் திரும்பக் கூட்டிக்கொண்டு வர ஒரு வேன் ஏற்பாடு செய்வது பெரிய செலவில்லை, சில கல்லூரிகள் செய்கின்றன. உங்கள் தேர்வில் இருக்கும் இரண்டு கல்லூரிகளிலும் இந்த நேரக் கணக்கை விடுதிக் காப்பாளரிடமே கேட்டு வாங்குங்கள். நானாக இருந்தால், மற்றதெல்லாம் சமமாக இருக்கும் பட்சத்தில், இந்த ஒரு பதிலை வைத்தே கல்லூரியை முடிவு செய்வேன். தினமும் போக வர மூன்று மணி நேரம் பேருந்தில் கழிக்கும் யோசனை இருந்தால் அதையும் கைவிடுங்கள். விடுதியோ, கல்லூரிக்குப் பக்கத்தில் ஓர் அறையோ நல்லது.

சென்னையா மதுரையா என்ற கேள்வியில் ஊரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சென்னையில் பெரிய ஆபீஸ்கள் அதிகம், கண்காட்சிகள், பொதுச் சொற்பொழிவுகள் அதிகம். பிரிட்டிஷ் கால ஆர்கிடெக்டுகளான சிஸமும் இர்வினும் கட்டிய இந்தோ-சாரசெனிக் கட்டடங்களிலிருந்து அண்ணா சாலை எல்.ஐ.சி. வரை ஒரு நூற்றாண்டுக் கட்டடக்கலையை மின்சார ரயிலிலும் நடந்துமாகப் பார்த்துவிடலாம். மதுரையிலிருந்து படிப்பவளுக்கு வேறு ஒரு புதையல். கோயிலைச் சுற்றிச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வளரும் வீதிகள் நகரமைப்புப் பாடத்தின் முதல் அத்தியாயம். திருமலை நாயக்கர் மஹாலின் தூண்களை அளந்து வரைய ஒரு பிற்பகல் போதாது. செட்டிநாட்டு வீடுகள் இரண்டு மணி நேரத் தொலைவு. வளவு, முற்றம், ஆத்தங்குடித் தரை, எல்லாம் காலடியில். அளந்து வரைதல் ஆர்கிடெக்சரின் அடிப்படைப் பயிற்சி. நாசா என்று ஒரு தேசிய மாணவர் அமைப்பு உண்டு. விண்வெளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பழைய கட்டடங்களை ஆவணப்படுத்துவதற்கு ஆர்கிடெக்ட் லூயி கான் பெயரில் ஒரு கோப்பை வைத்திருக்கிறார்கள். நீங்கள் பார்க்கும் கல்லூரி நாசாவில் கலந்துகொள்கிறதா என்று கேளுங்கள். பரிசு வாங்கியதா என்பது இரண்டாம்பட்சம். மாணவர்கள் ஆசிரியர் சொல்லாமலே கூடி வேலை செய்கிறார்களா என்பது அதில் தெரியும்.

சிறிய ஊர்க் கல்லூரியைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பல கல்லூரிகளில் இடங்கள் நிரம்புவதில்லை. வகுப்பில் பதினைந்து பேர்தான் இருக்கிறார்கள் என்றால் பயந்துவிடாதீர்கள். மூன்று நல்ல ஆசிரியர்கள் இருந்தால் அதைவிட அதிர்ஷ்டம் இல்லை. ஆனால் மேல் வகுப்புகளிலும் ஆட்கள் குறைந்துகொண்டே போய், நிர்வாகம் ஆசிரியர்களைக் குறைக்கத் தொடங்கியிருந்தால் ஐந்து வருடம் தாக்குப்பிடிக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. நூலகத்துக்குப் போய்ப் பத்திரிகை அடுக்கைப் பாருங்கள். கடைசி இதழ் எந்த மாதத்தியது என்பது நிர்வாகத்தின் மனநிலையைக் காட்டிவிடும். மரவேலைப் பட்டறையில் தூசி படிந்திருக்கிறதா, மரத்தூள் கிடக்கிறதா என்பதையும்.

நடைமுறைப் பயிற்சிதான் கடன் விஷயத்தை முடிவு செய்ய உதவும். ஐந்து வருடத்தில் ஒரு செமஸ்டர் முழுக்க ஓர் ஆர்கிடெக்டின் ஆபீஸில் வேலை செய்ய வேண்டும். பெரும்பாலும் நான்காம் வருடத்தை ஒட்டி அது வரும். போன வருடம் யார் யார் எங்கே போனார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். எல்லாருமே உள்ளூரில் மாமாவின் நண்பர் ஆபீஸில் இருந்தார்கள் என்றால் ஒரு வகை. பெங்களூரு, அகமதாபாத், கொச்சி என்று சிதறியிருந்தால், ஆரோவில்லில் மண்கட்டிக் கட்டுமானமோ, ஆர்கிடெக்ட் லாரி பேக்கர் வழிவந்த திருச்சூர் காஸ்ட்ஃபோர்டு நிறுவனத்தின் வேலையோ தேடிப் போயிருந்தால் வேறு வகை. பயிற்சியில் செய்த வேலையின் தொகுப்பைப் பார்த்துத்தான் பெரும்பாலான ஆபீஸ்கள் முதல் வேலை தருகின்றன. போர்ட்ஃபோலியோ என்பார்கள். பட்டத்தில் எந்தக் கல்லூரியின் முத்திரை என்று பார்ப்பதற்கு முன், பக்கங்களைப் புரட்டுவார்கள்.

அதனால் என் யோசனை இது. மதுரைப் பக்கக் கல்லூரி கவுன்சில் பட்டியலில் இருந்து, ஸ்டுடியோ சோதனையில் சுமாராகவாவது தேறினால் அதிலேயே சேருங்கள். சென்னைக் கட்டணத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதியை மட்டும் மகளின் பயணத்துக்கும் பயிற்சிக் காலத்துக்கும் ஒதுக்கி வையுங்கள். அந்த ஒரு செமஸ்டர் வெளியூர் ஆபீஸில், வாடகை அறையில் இருந்துவிட்டு வந்தால் சென்னைப் படிப்பு தரும் அனுபவத்தில் பெரும் பங்கு கையில் வந்துவிடும். புதிதாக வெளியே வரும் ஆர்கிடெக்டின் சம்பளம், அதே வயதில் மென்பொருள் கம்பெனிக்குப் போகும் பிள்ளையின் சம்பளத்தைவிடப் பொதுவாகக் குறைவு. முதல் சில வருடங்கள் கற்றுக்கொள்ளும் வருடங்கள்தான். அந்த வருடங்களில் தலைமேல் பெரிய கடன் இருந்தால், நல்ல ஆபீஸில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்து வளர வேண்டியவள், மாதத் தவணைக்காக இயந்திரத்தனமாக வரைபடம் போடும் வேலைக்குப் போய்விடுவாள். நல்ல திறமைகள் பல இப்படித்தான் கரைகின்றன.

ஆனால் மதுரைப் பக்கக் கல்லூரிக்குப் போய்ப் பார்த்து, ஸ்டுடியோ நான்கு மணிக்கு மூடுகிறது, ஆசிரியர்கள் வந்து வந்து போகிறார்கள், சென்னையில் நிலைமை உண்மையிலேயே மேல் என்று தெரிந்தால், அப்போது கடனைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன் கலந்தாய்வில் திருச்சி, கோவை, சென்னைப் பக்கக் கல்லூரிகளையும் சேர்த்து விருப்பப் பட்டியல் போடுங்கள். மதுரையிலேயே தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பி.ஆர்க். உண்டு; சென்னை ராயப்பேட்டையில் மியாசி கட்டடக்கலைக் கல்லூரி உண்டு. 'கிடைக்கும்' என்று யாரோ சொன்ன ஒன்றோடு நிறுத்த வேண்டியதில்லை. பட்டியலை, போன வருடம் எது எந்தத் தரவரிசையில் நிரம்பியது என்பதைப் பார்த்து அல்லாமல், உங்கள் விருப்பத்தின் வரிசையிலேயே போடுங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்; கல்விக் கட்டணச் சலுகை உண்டு. மகள் அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் தொழிற்படிப்புகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டையும் விண்ணப்பத்திலேயே கேளுங்கள்.

கட்டணத்துக்கு வெளியே உள்ள செலவைப் பற்றி யாரும் முன்னால் சொல்வதில்லை. தாள், அட்டை, ஃபோம் போர்டு, கட்டர், பசை, பெரிய அளவு பிரின்ட். சப்மிஷன் வாரத்தில் பிரின்ட் கடைக்காரர் பில்லைப் பார்த்தால் தலை சுற்றும். வருடா வருடம் கல்விச் சுற்றுலா. லேப்டாப்பை முதல் நாளே வாங்கிவிடாதீர்கள். பல கல்லூரிகளில் தொடக்கத்தில் கையால்தான் வரைய வைப்பார்கள், வைக்க வேண்டும். இரண்டாம் வருடத்தில், என்ன மென்பொருள் வேண்டும் என்று தெரிந்தபிறகு, நல்ல கிராஃபிக்ஸ் உள்ள ஒன்றை வாங்கினால் அதே பணத்துக்குச் சிறந்தது கிடைக்கும். ஆட்டோகேட், ரெவிட் போன்றவற்றை மாணவர்கள் கல்வி உரிமத்தில் இலவசமாகவே பயன்படுத்தலாம். திருட்டுப் பதிப்பு விற்பவரிடம் காசு கொடுக்க வேண்டாம். சேர்க்கைக்கு முன் 'ஸ்பெஷல் டிராயிங் கோர்ஸ்' என்று யாராவது வந்தால் அதையும் தள்ளுங்கள். கல்லூரி திறக்கும்வரை உங்கள் வீட்டு அடுப்படியையும், தெரு முனை டீக்கடையையும் அவள் தினம் ஒரு பக்கம் வரையட்டும். கை பழகிவிடும்.

சென்னைக் கல்லூரிக்காரர்கள் இதற்குள் 'இடம் போய்விடும், முன்பணம் கட்டுங்கள்' என்று தொலைபேசியில் அவசரப்படுத்தத் தொடங்கியிருப்பார்கள். கட்டுவதானால், விலகினால் எவ்வளவு, எப்போது திரும்பத் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள். அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். அசலைப் பார்த்துச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. பிடித்து வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. கலந்தாய்வில் இடம் வந்தால் அந்த அசல் உங்கள் கையில் இருந்தாக வேண்டும்.